வெட்டிய பெயர்

தொண்ணூற்றாறில், நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த நாட்டில், தெருச்சண்டைக் குழுக்களைப் பற்றிய அரசாங்க அறிக்கை ஒன்றில் தமிழ்ப் பெயர்களைச் சரிபார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நாங்கள் தகப்பனின் பெயரையும் சேர்த்தே எழுதுவோம். குழு ஆட்களின் பட்டியல் போட்ட புத்திசாலிகள் தகப்பன்மாரையும் தனி ஆட்களாக எண்ணிவிட்டார்கள். எட்டுத் தகப்பன்மாரை வெட்டினேன்.

ஒன்பதாவது ஆள் வேலும்மயிலும், அதே பட்டியலில் இருந்த பிரசாந்தின் தகப்பன். ஆனால் இவருக்கு மட்டும் குறிப்பு இருந்தது: வயது முப்பத்தெட்டு, போன மாதம் இங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் கண்டது. சந்தேகத்தில் வீட்டுக்கு போன் எடுத்து, ஒரு பட்டியலில் அவர் பெயர் இருப்பதாகச் சொன்னேன்.

"அவர் எண்பத்தேழில ஊரில ஷெல் விழுந்து செத்திட்டார், தங்கச்சி. அப்ப முப்பத்தெட்டு வயசு," என்றார் அவருடைய மனைவி குணவதி.

"பிரசாந்த் வீட்டில நிக்கிறாரோ?"

"அவன் வேலைக்குப் போயிட்டான். நான் தனியத்தான்."

பின்னால் யாரோ கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

வேலும்மயிலும் பெயரையும் வெட்டி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் குணவதியே போன் எடுத்தார்.

"அந்தப் பேரை வெட்டிப்போட்டியளோ?"

"ஓம் அக்கா. செத்தவரை எப்பிடி வைச்சிருக்கிறது?"



"திரும்ப எழுதிவிடுங்கோ, தங்கச்சி. இவர் இண்டைக்குச் சாப்பிட வரேல்லை."