வாய் நீண்டது

தனபாக்கியத்துக்குப் பிறவியிலேயே பேச்சு வராது. அவள் உதட்டை அசைத்தால் கழுத்தில் தொங்கும் போன் அதைப் படித்துப் பேசிவிடும். ஆனால் அது பேசியதோ செய்தி வாசிப்பவரின் தமிழ். "அன்புகூர்ந்து செவுளைக் கிளறாதீர்கள்" என்று அவளிடம் மீன் வாங்க வருபவர்களை அது கெஞ்ச, காசிமேட்டு மீன் சந்தையே சிரிக்கும். பக்கத்துக் கடை ரெஜினா மட்டும், "பாவம், வுடுங்கய்யா" என்று பரிந்துகொண்டு வருவாள். அந்தப் 'பாவம்'தான் தனபாக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேற்றுதான் போனுக்குச் சென்னைத் தமிழ் வந்தது. இன்று காலை ரெஜினா வழக்கம்போலத் தன் கூடையை இவள் இடத்துக்குள் தள்ளினாள். தனபாக்கியத்தின் உதடு அசைந்தது.

"இன்னாமே, உங்கப்பன் வூட்டு எடமா? எடு கூடைய!" என்றது போன்.

ரெஜினா திகைத்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள்: "அடியேய், உனக்கு வாய் ரொம்பத்தான் நீண்டு போச்சு!"

பிறந்ததிலிருந்து தனபாக்கியத்தை யாரும் அப்படித் திட்டியதில்லை. அவள் பூரித்துப்போய், அடுத்த வசவுக்கு உதட்டைக் குவித்தாள்.