இந்த ரவுண்டு முடியட்டும்

"கழுத்து வலிக்குது, கண்ணு எரியுதுன்னு நாள் பூரா முனகுறீங்க. அந்தப் பாழாப்போன போனை மட்டும் கீழே வைக்க மாட்டீங்களா?" என்று கத்தினாள் மனைவி.

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்த கணவர் நிமிரவே இல்லை. "இரு, இந்த ரவுண்டு முடியட்டும். எங்க டீம்தான் முதல்ல நிக்குது!"

"பெரிய பெருமை! ரிட்டயர் ஆன மனுஷன் பண்ற வேலையா இது? உங்ககூடச் சண்டை போட்டுட்டுப் போன பிள்ளை ரெண்டு வருஷமா இந்த வீட்டுல ஒருத்தர்கிட்டயும் பேசலை. 'அவனா வந்து பேசட்டும்'னு வீறாப்பு பேசிட்டு, முகம் தெரியாத எவன்கூடயோ ஆட்டமா?"

ஆத்திரம் தாங்காமல் இயர்போன் ஒயரை வெடுக்கென்று பிடுங்கினாள். போன் உரக்கப் பேசியது.

"லெஃப்ட்ல திரும்புங்கப்பா! அப்பா... கேக்குதா?"

மகனின் குரல். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேற எதைப் பேசினாலும் சண்டை வருது. அதான் இதை மட்டும் பேசிக்கறோம்" என்றார் கணவர், தயங்கித் தயங்கி.

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. போனைப் பறித்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

"ஏன்டா, எனக்கு ஆடத் தெரியாதுன்னு எவன்டா உனக்குச் சொன்னான்?"