மணி அடித்ததும்

"மணி அடிச்சா எந்திரிச்சு ஓடணும்னு ஒனக்குத் தெரியாதாடி?"

குருவம்மாள் போட்ட சத்தத்தில், வேன் நிற்கும் இடத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பாண்டிச்செல்வி தலையைத் தூக்கவில்லை.

நேற்றுத்தான் பட்டாசுக் கம்பெனிக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

சீசன் ஆர்டருக்காக, அனுமதி இல்லாத தகரக் கொட்டகையிலும் ஆட்களை உட்கார வைத்து வெடிமருந்து அடைப்பது வழக்கம். ஆபீசர் ஜீப் தெரிந்தால் வாட்ச்மேன் மணி அடிப்பார். உடனே எல்லாரும் கருவேலங்காட்டுக்குள் ஓடி ஒளிய வேண்டும். கடைசி ஆள் கொட்டகையைப் பூட்ட வேண்டும். தொழிலாளர் சங்கமும் கம்பெனியும் சேர்ந்து பேசி வைத்த ஏற்பாடு இது.

நேற்று எல்லாரும் ஓடினார்கள். பாண்டிச்செல்வி மட்டும் உள்ளேயே இருந்து மாட்டிக்கொண்டாள்.

"ஏன்த்தா ஓடல?" சங்கத் தலைவர் சங்கிலிமுத்து கேட்டார்.

"எந்திரிக்க முடியலண்ணே."

"ஆமா, மகாராணிக்குக் காலு மரத்துப் போச்சாக்கும்!" என்றாள் குருவம்மாள். ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள்.

மேனேசர் மணிகண்டராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆபீசரோட உள்ள போய்ப் பாக்கேன், மடி பூரா மருந்தக் கொட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மருந்தச் சிந்துறவள எந்தக் கம்பெனிக்காரன் சேப்பான்? தலைவரே, கம்பெனி தொறந்தாலும் இவ வேண்டாம்."

"பிள்ளைக்கு இன்னும் பல்லுகூட மொளைக்கலண்ணே. எனக்கு வேற வேல தெரியாது."

சங்கிலிமுத்து அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "சங்கமும் ஒத்துக்கிடுது சார். ஒருத்தியால ஊரே பட்டினி கெடக்க முடியாது."

"கூலி கூட்டிக் கேட்டா மட்டும் ரெண்டு பேரும் ஒத்துக்கிட மாட்டாக" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

மேனேசர் பைக்கில் ஏறியபடி, "எல்லாரும் கேட்டுக்கோங்க. இனி மணி அடிச்சா இன்னும் வெரசா ஓடணும்" என்றார்.

"சரிங்க சார்!" எல்லாருக்கும் முந்தி குருவம்மாள்தான் சொன்னாள்.

கூட்டம் கலைந்தது. பாண்டிச்செல்வி மெதுவாகக் குருவம்மாள் பக்கத்தில் வந்தாள்.

"இன்னும் என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா." யாரும் கேட்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "இனி மணி அடிச்சா, சேல முந்திய இடுப்புல சொருகிக்கிட்டு எந்திரிங்க. நேத்து நீங்க எந்திரிச்ச வேகத்துல அதுல மாட்டித்தான் மருந்துத் தட்டு கவுந்துச்சு. தரையில கொட்டி, ஓடுற காலு அம்புட்டும் மிதிச்சிருந்தா... அதான் மடியில ஏந்திக்கிட்டேன்."