வெளிர் மஞ்சள்

பாலாநகரிலிருந்து சிடி வந்துவிட்டது என்று வாசலில் குரல் கேட்டதும் ரோகிணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அது பின்னால் இருந்த தண்ணீர் கேனில் போய் மோதியது.

டீம் லீடர் சாய்குமார் உறையைப் பிரித்தார். எதையும் நிதானமாகப் பிரிக்கிற மனிதர். பிறந்தநாள் பரிசானாலும் ஒட்டியிருக்கும் டேப்பை நகத்தால் உரித்துத்தான் எடுப்பார். கையிலிருந்து பிடுங்கிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு.

கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்று டிவி சொன்ன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. சுனாமி என்ற சொல்லையே அந்த பேகம்பேட் அலுவலகத்தில் பாதிப் பேர் இப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

தரங்கம்பாடியில் கூப்பிட அவளுக்கு இருந்தது ஒரு எஸ்.டி.டி. பூத் நம்பர். மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

அம்மா அங்கே தனியாக இருந்தாள். ஞாயிறு காலையில் அவள் வீட்டை விட்டு எங்கேயும் போகிறவள் இல்லை.

சிடி வந்த அன்று மாலை சார்மினார் எக்ஸ்பிரஸில்தான் ரோகிணிக்கு ஊருக்குப் போக இடம் கிடைத்திருந்தது. அதற்குள் சிடியில் இந்தப் படம். சுனாமிக்குப் பிறகு செயற்கைக்கோள் எடுத்தது.

கம்பெனிக்கு இதில் வேலை சின்னதுதான். போன வருடம் ஒரு வெளிநாட்டுச் சுற்றுலா நிறுவனத்துக்குத் தரங்கம்பாடியின் வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பார்க்க வேண்டிய பழைய கட்டடங்கள், நின்று ரசிக்க வேண்டிய இடங்கள். அதை இந்தப் படத்தோடு ஒப்பிட்டு, இல்லாமல் போனதன் மேல் சிவப்பு அடிக்க வேண்டும்.

வரைபடத்தைப் போட்டவளே ரோகிணிதான். ஊர்க்காரி ஆயிற்றே என்று அவளிடம் கொடுத்தார்கள். கோட்டைக்குக் காவி, தேவாலயங்களுக்கு நீலம், கோயிலுக்குப் பச்சை, மணலுக்கு வெளிர் மஞ்சள்.

உன் வீடு எங்கே என்று கேட்டவர்களிடம் கோட்டைக்குப் பக்கத்தில் என்றாள். தூண் வைத்த பங்களா என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

படம் திறந்தது. திறக்க அந்தக் கம்ப்யூட்டருக்கு மனசு வர வேண்டியிருந்தது. கட்டம் கட்டமாக, மேற்கிலிருந்து வந்தது.

முதலில் நகர வாசல். அதன் நிழல் ரோட்டில் விழுந்திருந்தது. நிழல் விழுகிறதென்றால் வாசல் நிற்கிறது.

அடுத்து ராஜ வீதி. சீயோன் தேவாலயம், அதைத் தாண்டிப் புதிய எருசலேம் தேவாலயம். கூரைகள் முழுசாக இருந்தன. பாதி ஆபீஸ் அவளுக்குப் பின்னால் கூடிவிட்டது. ஏர்போர்ட்டில் இறங்கிய விமானம் ஒன்று ஜன்னல் கண்ணாடிகளை ஆட்டிவிட்டுப் போனது.

பிறகு கோட்டை. கடலைப் பார்த்தபடி, அப்படியே.

கைதட்டினார்கள். கிரிக்கெட்டில் ஜெயித்த மாதிரி ஒருவன் விசில்கூட அடித்தான்.

"டென்ஷன் நக்கோ ரோகிணி! கோட்டையே நிக்குது, பக்கத்துல உன் வீட்டுக்கு என்ன ஆயிடும்?" என்றார் சாய்குமார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஆறுதலும் அவருக்கு அப்படி உருது கலந்துதான் வரும். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது.

அவள் மவுஸை விடவில்லை. படத்தை வடக்கே நகர்த்தினாள்.

மாசிலாமணிநாதர் கோயில். முன்பாதியை எப்போதோ கடல் தின்றுவிட்ட கோயில். மிச்சப் பாதி இருந்தது. மறுபடியும் கைதட்டல்.

இன்னும் வடக்கே நகர்த்தினாள்.

மணல். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட வாசல் மாதிரி, வெறும் மணல்.

சாய்குமார் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பழைய வரைபடத்தை அதன் மேல் ஏற்றினார். வெளிர் மஞ்சளும் மணலும் கச்சிதமாகப் பொருந்தின. இங்கே முன்னாடியும் ஒன்றும் இல்லையே என்று சொல்லிக்கொண்டே, அந்தக் கட்டத்துக்கு நேராக 'மாற்றம் இல்லை' என்று அடித்தார்.

ரோகிணி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

அந்த மஞ்சளை நிரப்பியவள் அவள்தான். ஓட்டு வீடும் மாடி வீடும்தான் கட்டடம், கூரை வீடுகளை வரைய வேண்டாம் என்பது சுற்றுலாக்காரர்கள் போட்ட விதி. மீனவர் தெரு முழுக்கக் கூரை வீடுகள். ஒரு க்ளிக்கில் வேலை முடிந்திருந்தது. அன்றைக்கு அவளுக்கு அது உறுத்தவே இல்லை.

அந்த மஞ்சளுக்குள்தான் அம்மா ஒவ்வொரு ஞாயிறு காலையும் வாசலில் கருவாடு காயப்போட்டுவிட்டு, காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

யாரோ டீ சொன்னார்கள். கூட்டம் சந்தோஷமாகக் கலைந்தது.

அவள் சிவப்பை எடுத்து மணல் மேல் வைத்தாள். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. பழைய வரைபடத்தில் இல்லாத ஒன்றை, அழிந்துபோனது என்று குறிக்க முடியாது. இன்னொரு முறை வைத்தாள். மறுபடியும் ஏற்கவில்லை.

பழைய வரைபடத்தைத் திறந்தாள். கோயிலுக்கு வடக்கே, வலை உலர்த்தும் இடத்தை ஒட்டி, மஞ்சளுக்குள் ஒரு சின்னச் சதுரம் வரைந்தாள். அதற்குப் பக்கத்தில் அய்யாக்கண்ணு மாமா வீடு. அதற்கடுத்து கமலா அக்கா வீடு. சந்து திரும்புகிற இடம் சரியாக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள்.

சாய்குமார் இரண்டு டீயோடு வந்து நின்றார். திரையைப் பார்த்தார். கூரை வரையக் கூடாதே, என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

"எங்க தெரு சார்" என்றாள் திரும்பாமலே. "கோட்டைக்குப் பக்கத்துல."