வைகாசி வரைக்கும்

"வேணாம்னா நிறுத்திக்கலாம் ஐயா. முடிவு உங்களுதுதான்," என்றார் டாக்டர் மங்கை.

படுக்கையில் கிடந்த வீராசாமி அவரை நம்பாமல் பார்த்தார். எழுபத்தெட்டு வயது. ஒன்பது மாதமாக, வாரம் மூன்று நாள், மண்டகப்பட்டிலிருந்து பஸ் பிடித்துச் செஞ்சிக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள வருகிறார். நான்கு மணி நேரம் மிஷினில் கிடந்துவிட்டுப் போனால் மறுநாள் முழுக்க எழுந்திருக்க முடியாது. இதுவரை எந்த டாக்டரும் அவரிடம் சம்மதம் கேட்டதில்லை. மகனிடம் பேசினார்கள், மகன் தலையாட்டினான், இவர் கையில் ஊசி ஏறியது. இதற்குப் பெயர் ஆலோசனையாம்.

புதிதாக வந்திருந்த மங்கை பொறுமையாக விளக்கினார். நிறுத்தினால் சில நாட்களோ சில வாரங்களோதான். ஆனால் வீட்டிலேயே இருக்கலாம். மூச்சுத் திணறலுக்கும் அரிப்புக்கும் மருந்து உண்டு. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கும் அதாம்மா ஆசை. ஒவ்வொரு வாட்டியும் செத்துப் பொழைக்கிறேன். ஆனா வைகாசி வரைக்கும் இருந்தாவணும்."

வைகாசியில் என்ன என்று மங்கை கேட்டார். மகன் வழிப் பேத்தி தமிழினிக்குக் கல்யாணமாம். தை மாதமே நடந்திருக்க வேண்டியது. மாப்பிள்ளைக்குப் பட்டாளத்தில் லீவு கிடைக்காததால் தள்ளிப்போய்விட்டது. அதற்குள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது.

"என்னால கொழந்த கல்யாணம் நின்னுச்சின்னு பேர் வரக் கூடாது. தாலி ஏறட்டும். மறுநாளே இத்த நிறுத்திடுங்கம்மா."

தமிழினி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தாத்தாவைக் கூட்டி வருவதும் கூட்டிப் போவதும் அவள்தான். மங்கைக்கு மனசு கேட்கவில்லை. பெரியவர் படும் பாட்டைச் சொல்லி, மாப்பிள்ளை வீட்டில் பேசிக் கல்யாணத்தை இந்த மாதமே முடித்துவிட முடியாதா என்று கேட்டார்.

அவள் உள்ளே தாத்தாவுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தினாள்.

"மாப்ளையே இன்னும் பாக்கல டாக்டர். மூணாவது மாசமே தாத்தா இங்க வர மாட்டேன்னு அடம் புடிச்சாரு. அவர பஸ் ஏத்தறதுக்கு நைனா சொன்ன பொய் அது," என்றாள். "வைகாசி வந்தா ஆவணின்னு சொல்லிக்கலாம்னாரு."