வலது காலின் பலம்

பிசியோதெரபி செய்முறைத் தேர்வில் பிரிஜா இரண்டு முறை தோற்றிருந்தாள். தசைபலம் பார்க்கும்போது நோயாளியின் முகத்தைக் கவனிக்க வேண்டும். வலி அங்கேதான் முதலில் தெரியும். அவளோ காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த முறை குளச்சல் மீனவர் ஞானதாசனின் முகத்தைவிட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. போர்வைக்குள் கைவிட்டு இரு பாதங்களையும் பிடித்தாள்.

"மாமா, ரெண்டு காலாலயும் என்னத் தள்ளுங்க."

அவர் தள்ளியதில் பின்னால் சறுக்கிப்போனாள்.

"ரெண்டு காலுக்கும் அஞ்சுக்கு அஞ்சு சார், முழு பலம்!"

தேர்வாளர் போர்வையை விலக்கினார். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

ஞானதாசன் எழுந்து உட்கார்ந்தார். "பாத்தியளா சாரே! கால் எங்கயும் போவலன்னு நான் ஆப்பரேசன் அன்னைக்கே சொன்னம்லா!"

தேர்வாளர் பாஸ் போட்டார்.

வலது பாதத்தைப் பிடித்திருந்த பிரிஜாவின் உள்ளங்கையில் மட்டும் கடல்மணல் ஈரமாக ஒட்டியிருந்தது.