மூன்று வட்டிப் பார்ட்டி

மஞ்சள் கடுதாசி கொடுப்பதா, வேண்டாமா? சோபாக்கடைக்காரர் ஒரு வாரமாக இதே யோசனையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கொடுத்தால் மானம் போகும். கொடுக்காவிட்டால் மானத்தோடு சேர்ந்து கடையும் ஸ்கூட்டரும், போகிற போக்கில் கையோ காலோ ஒன்றும் போகும்.

வியாபாரத்துக்குக் குறைச்சல் இல்லை. கல்லாவில்தான் காசு நிற்பதில்லை. எவனோ கை வைக்கிறான். சந்தேகத்தின் பேரில் இரண்டு தையல்காரர்களை வேலையை விட்டு அனுப்பியாகிவிட்டது. சாப்பாட்டு வேளையில் மனைவியே வந்து கல்லாவில் காவல் உட்கார்ந்தும் ஓட்டை அடைபடவில்லை. ரெக்ஸினுக்கும் ஃபோமுக்கும் பணம் புரட்ட முடியாமல் தவித்தபோதுதான் மனைவியின் தம்பி தெய்வமாக வந்து, மூன்று வட்டிக்கு ஒரு 'பார்ட்டி'யைப் பிடித்துக் கொடுத்தான்.

அந்தப் பார்ட்டியை அவர் கண்ணால் கண்டதில்லை. வாங்கியதும் கட்டியதும் மச்சினன் மூலமாகத்தான். "நேர்ல பாக்கணும்னு மட்டும் ஆசைப்படாதீங்க அத்தான். கோவம் வந்தா பார்ட்டி மனுஷனா இருக்காது" என்று சொல்லி வைத்திருந்தான்.

வக்கீல்தான் வயிற்றில் பால் வார்த்தார்.

"நோட்டீஸ் குடுத்துட்டா கடன்காரன் எவனும் உங்களைத் தொட முடியாது. உங்க பார்ட்டி கோர்ட்டுக்கு வந்து, இவ்வளவு பணம் எங்கேருந்து வந்துச்சுன்னு கணக்குச் சொல்லணும். அந்த மாதிரி ஆளுங்க வரவே மாட்டாங்க. என் ஃபீஸை மட்டும் முன்னாடியே குடுத்துடுங்க. திவாலாகப் போறவருக்கு நான் கடனுக்கு வேலை செய்ய முடியாது."

அன்று சாயங்காலம், விலைபோகாமல் வீட்டுக் கூடத்துக்கே வந்து சேர்ந்துவிட்ட சிவப்பு சோபாவில் சாய்ந்துகொண்டு மனைவியிடம் அறிவித்தார்.

"முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் கையெழுத்து. பார்ட்டிக்குப் பட்டை நாமம்தான்!"

"ஐயையோ, வயித்துல அடிக்கிறீங்களே! வேணாங்க!" அவள் பொலபொலவென்று கண்ணீர் விட்டபடி சமையலறைக்குள் ஓடினாள்.

புருஷனுடைய மானத்துக்காக இப்படித் துடிக்கிற பெண்டாட்டி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்? ஆனாலும் அவர் முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

சற்று நேரத்தில் மச்சினன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அவசரப்படாதீங்க அத்தான். பார்ட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்." கூடத்தில் சிக்னல் கிடைக்கவில்லை என்று போனோடு பின்பக்கம் போனான். திரும்பி வந்து, "பாக்கி வட்டி முழுசும் தள்ளுபடியாம்" என்றான்.

"முடியாது."

மறுபடி போய்விட்டு வந்தான். "அசல்லயே கால்வாசி குறைச்சுக்குதாம்."

யாரை நினைத்து ராத்திரியெல்லாம் தூக்கம் கெட்டதோ அந்தப் பார்ட்டி இப்படி இறங்கி வருகிறது! சோபாக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கால்மேல் கால் போட்டு ஆட்டிக்கொண்டே, "பாதி அசல். அதுக்கு மேல பைசா பேராது. இஷ்டமில்லேன்னா உன் பார்ட்டியை நேர்ல வந்து பேசச் சொல்லுடா!" என்றார்.

மூன்றாவது முறை போனவன் வியர்த்து வழியத் திரும்பினான்.

"அத்தான்... நேர்லயே வருதாம். இப்பவே."

ஆடிய கால் நின்றது. பேசிய வீராப்பு போன இடம் தெரியவில்லை. பாய்ந்து போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். ரெக்ஸின் வெட்டும் பெரிய கத்திரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டார். தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், அவள் மேல் ஒரு கீறல் விழக்கூடாது.

"என்ன சத்தம் கேட்டாலும் நீ வெளியில வராதே!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார்.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். கத்திரிக்கோலை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். நாற்காலி ஒன்றை இழுத்து, அவருக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பாதி அசலெல்லாம் கட்டுப்படி ஆகாதுங்க. உங்க கல்லாவிலேருந்து நோட்டு நோட்டா உருவி அவ்வளவையும் சேக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"